கோழி எரு லோடுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா? சித்தூர், பொள்ளாச்சி எல்லைக் கிணறுகளில் நைட்ரேட்

எருத்தேம்பதி தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோப்பு கேரளத்தில், பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பக்கம், எருத்தேம்பதிக்குக் கிழக்கே. வண்டியைக் கொஞ்சம் முறுக்கினால் தமிழ்நாடு. கிணற்றுத் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். உப்பும் கடினத்தன்மையும் கூடுதலாக இருக்கும் என்று தெரியும், அதற்குத்தான் கொடுத்ததே. வந்த காகிதத்தில் நைட்ரேட் என்ற வரியில் கிணற்றுக்கு 112, போருக்கு 68 என்று இருக்கிறது. பக்கத்தில் உச்ச அளவு 45 என்று அச்சடித்திருக்கிறார்கள். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அதனால் இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

எங்களைச் சுற்றித் தொழிற்சாலை எதுவும் இல்லை. தென்னை, கொஞ்சம் காய்கறி, நாலு மாடு. ஒரே மாற்றம், சில வருடங்களாக எல்லாரும் கோழி எருவுக்கு வந்துவிட்டோம். சாணி எரு கிடைப்பதே இல்லை, கிடைத்தாலும் விலை கட்டவில்லை. கோழி எரு பல்லடம், உடுமலைப் பக்கமிருந்து லாரியில் வந்து தோப்பிலேயே கொட்டிவிட்டுப் போகிறது.

இப்போது பஞ்சாயத்தில் ஒரு பேச்சு. வெளியிலிருந்து வரும் கோழி எருவுக்குக் கட்டுப்பாடு வைக்க அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம். சிலர் அடியோடு தடை என்கிறார்கள். எரு போட்டதால்தான் தண்ணீர் இப்படி ஆனதா? ஆனது என்றால் என்ன கட்டுப்பாடு வைத்தால் நியாயமாக இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்ச்சோதனை அக்கா:
முதலில் குழந்தை விஷயம். பிறந்து ஆறு மாதம் வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரையோ போர் தண்ணீரையோ பால் பவுடர் கரைக்க எடுக்காதீர்கள். தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் கவலை இல்லை. நைட்ரேட் குழந்தையின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடும். 1945லேயே அமெரிக்காவின் அயோவாவில் பண்ணை வீட்டுக் கிணறுகளை வைத்து ஒரு மருத்துவர் இதை எழுதிவிட்டார்.

நம் வீடுகளில் எல்லாரும் செய்வது, கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுப்பது. நைட்ரேட்டுக்கு அது எதிர்வேலை. தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே நிற்கும், அளவு கூடும். குளோரின், படிகாரம், கேண்டில் ஃபில்ட்டர் எதற்கும் அது அசையாது. ஆர்.ஓ. பெரும்பகுதியை எடுத்துவிடும்.

இன்னொன்று. காகிதத்தில் அந்த எண் நைட்ரேட்டாகவா, நைட்ரஜனாகவா என்று பாருங்கள். இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்லும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் கணக்கு. அமெரிக்காவில் 10 என்பார்கள், அது நைட்ரஜன் கணக்கு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். உங்கள் 112 நைட்ரஜனாக இருந்தால் கதையே வேறு.

எருத்தேம்பதி தோப்பு:
நைட்ரேட் என்றுதான் போட்டிருக்கிறதுங்க அக்கா. தண்ணீர் கேன் வாங்க ஆரம்பித்துவிட்டோம். மகளிடம் கொதிக்கவைக்கும் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவள் அம்மாதான் நம்ப மாட்டேன் என்கிறாள்.

நாட்டுமாடு நண்பன்:
இதில் எருவை ஏன் இழுக்கிறீர்கள்? நம் பாட்டன் காலத்திலிருந்து எரு போடுகிறோம், அப்போது எந்தக் கிணறு கெட்டது? கெட்டது யூரியா வந்த பிறகு. மூட்டை 266 ரூபாய்க்குக் கொடுத்தால் வாரித்தான் இறைப்பான். யூரியாவை விட்டுவிட்டு எருவுக்குக் கட்டுப்பாடு வைப்பது, இயற்கையாக விவசாயம் செய்பவன் தலையில் கல்லைப் போடும் வேலை. ஐரோப்பாக்காரன் சட்டத்தை இங்கே நகல் எடுக்காதீர்கள்.

மண்வெட்டி:
நண்பர் சொல்வதில் பாதி சரி. யூரியா பெரிய பங்காளி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எருவிலிருந்து வரும் நைட்ரேட்டும் யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட்டும் ஒரே பொருள். தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது.

மண்ணில் நடப்பது இதுதான். எருவில் உள்ள தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், சிதைந்து அம்மோனியம் ஆகிறது. களிமண் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட்டுக்கு நெகட்டிவ் மின்னூட்டம், களிமண்ணுக்கும் நெகட்டிவ்தான், ஒன்றையொன்று தள்ளும். மண்ணால் அதைப் பிடிக்க முடியாது. வேர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு கீழே போகும். சித்தூரின் கிழக்குப் பக்கம் பாதி இடம் கரிசல். கோடையில் வாய் பிளந்து கிடக்கும் மண்ணில் முதல் மழை வெடிப்பு வழியாக நேரே இறங்கும். அதற்குக் கீழே பாறை, பாறை இடுக்கில்தான் தண்ணீரே.

பாட்டன் காலத்துக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்றால், சாணி எருவில் தழைச்சத்து நூற்றுக்கு அரை கிலோ. கோழி எருவில் மூன்று கிலோ வரை போகும், தென்னைநார்க் கழிவு பரப்பிய கொட்டகைக் குப்பையில் அதைவிடக் குறையும், இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். நாம் கூடையையும் லோடையும் மாற்றவே இல்லை. மரத்துக்கு 50 கிலோ எரு என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, அது சாணி எருவுக்குச் சொன்னது. அதே 50 கிலோவைக் கோழி எருவாகப் போட்டால் கணக்கைப் பாருங்கள்.

ஏக்கருக்கு 70 மரம். சாணி எரு என்றால் 17 கிலோ சொச்சம் தழைச்சத்து. பரிந்துரைப்படி மரத்துக்கு 1.3 கிலோ யூரியா, அதில் ஏக்கருக்கு 42 கிலோ. மொத்தம் 60. இப்போது சாணியை எடுத்துவிட்டு இரண்டு சதவீதக் கோழிக் குப்பை போடுங்கள்: எருவிலிருந்து மட்டும் 70 கிலோ. யூரியாவையும் குறைக்காமல் போட்டால் 112. மூன்று சதவீத எருவாக இருந்தால் 147. மரம் அதே மரம்தான்.

தோப்பு அண்ணா, யூரியாவைக் குறைத்தீர்களா இல்லையா?

எருத்தேம்பதி தோப்பு:
குறைக்கவில்லை. யாரும் குறைப்பதில்லை. எரு எரு, உரம் உரம் என்றுதான் எல்லாரும் போடுகிறார்கள்.

கோழிக்கொட்டகை:
எல்லாரும் சேர்ந்து கடைசியில் எங்கள் வாசலுக்குத்தான் வருவீர்கள் என்று முதல் பதிவைப் படித்ததுமே தெரிந்துவிட்டது.

நான் பொள்ளாச்சிப் பக்கம் கறிக்கோழி வளர்க்கிறேன், கம்பெனிக் குஞ்சு. குஞ்சு அவர்களுடையது, தீவனம் அவர்களுடையது, மருந்து அவர்களுடையது. கோழி எடை போட்டு ஏற்றியதும் கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக்கூலி வரும். கொட்டகைக் குப்பை மட்டும்தான் முழுசாக என்னுடையது. அதை விற்கும் காசில்தான் அடுத்த பேட்சுக்குத் தரையில் பரப்ப மஞ்சி வாங்குகிறேன், ஆள் கூலி கொடுக்கிறேன். தடை என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள் என்றால் குப்பை என் கொட்டகைக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும். அங்கேயும் கீழே கிணறு இருக்கிறது, அது தமிழ்நாட்டுக் கிணறு என்பதால் பரவாயில்லையா?

சட்டம் இல்லை என்பதும் இல்லை. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021ல் விதியைத் திருத்தியபோது, 5,000 பறவைக்கு மேல் இருந்தால் இசைவு வாங்க வேண்டும், ஆறு, கால்வாய், குடிநீர்க் கிணற்றிலிருந்து கொட்டகை 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றெல்லாம் வந்துவிட்டது.

மண்வெட்டி:
நீங்கள் சொல்லும் விதி கொட்டகைக்கு. லாரி கேட்டைத் தாண்டிய பிறகு அந்த எரு எந்த நிலத்தில், எத்தனை ஏக்கரில், என்ன அளவில் விழுகிறது என்று கேட்க ஆள் இல்லை. ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்துதான் எருவாகப் போகலாம் என்ற உச்சவரம்பு நம் நாட்டில் கிடையாது. தோப்பு அண்ணா கேட்கும் கேள்வி அந்த இடத்தில்தான் நிற்கிறது.

சீமைப் பால்பண்ணை:
ஊர் கொழிஞ்சாம்பாறை, பிழைப்பு இங்கிலாந்தில், மாட்டுப் பண்ணையில் வேலை. நகல் எடுக்காதீர்கள் என்று மேலே ஒருவர் சொன்னார், சரி. என்ன இருக்கிறது என்றாவது தெரிந்துகொண்டு வேண்டாம் என்போமே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நைட்ரேட் உத்தரவு 1991ல் வந்தது. பிரிட்டன் வெளியேறிய பின்னும் இங்கே அதே அடிப்படையில்தான் விதி ஓடுகிறது. நிலத்தடி நீரில் 50 மில்லிகிராமைத் தாண்டியது அல்லது தாண்டும் நிலையில் உள்ளது என்று கண்ட பகுதிகளைக் கோடு போட்டுப் பிரித்துவிட்டார்கள். இங்கிலாந்து நிலத்தில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்குள் வரும். உள்ளே இருந்தால்:

பண்ணை முழுவதற்கும் சராசரியாக ஹெக்டேருக்கு 170 கிலோ கால்நடைத் தழைச்சத்துக்கு மேல் கூடாது. ஊற்று, கிணறு, போர் எதுவானாலும் 50 மீட்டருக்குள் எரு போடக்கூடாது. ஓடை ஓரம் 10 மீட்டர் விட வேண்டும். சாணிக் கரைசலைக் குளிர்காலத்தில் வயலில் விடக்கூடாது என்பதால் மாட்டுப் பண்ணை ஐந்து மாதச் சாணத்தைச் சேர்த்துவைக்கத் தொட்டி கட்டியிருக்க வேண்டும், கோழிக்கும் பன்றிக்கும் ஆறு மாதம். எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். எங்கள் முதலாளி பால் கறப்பதைவிட அந்த நோட்டோடுதான் அதிகம் மல்லுக்கட்டுகிறார்.

உங்களுக்கு உபயோகமான ஒரு நுணுக்கம் இதில் உண்டு. அந்தக் குளிர்காலத் தடை சாணிக் கரைசலுக்கும் கோழி எருவுக்கும்தான். வைக்கோலோடு மக்கிய மாட்டு எருவுக்குக் கிடையாது. காரணம், கோழி எருவில் உடனே கரையும் பங்கு அதிகம்.

மண்வெட்டி:
சரியாகச் சொன்னீர்கள் தம்பி. யூரியா கையில் கொடுத்த ரொக்கம், மக்கிய சாணி எரு வங்கியில் போட்ட வைப்பு, கோழி எரு இரண்டுக்கும் நடுவே, அதுவும் ரொக்கத்துப் பக்கம் சாய்ந்தது. அதிலுள்ள யூரிக் அமிலம் ஈரம் பட்ட சில நாளில் அம்மோனியா ஆகிவிடும். லாரி வந்து கொட்டியதும் கண் எரிகிறதே, அதுதான்.

170 கிலோவை நம் கணக்குக்கு மாற்றினால் ஏக்கருக்கு 69 கிலோ. சாணி எரு என்றால் ஏக்கருக்கு கிட்டத்தட்ட 14 டன் போகலாம், அவ்வளவு எரு நம்மில் யாருக்கும் கிடைக்காது. ஆகவே நாட்டுமாடு நண்பர் பயப்பட வேண்டியதே இல்லை, அந்த விதி அவரைத் தொடாது. கோழிக் குப்பை என்றால் மூன்றரை டன்னில் முடிந்துவிடும். பத்து டன் லாரி ஒன்று மூன்று ஏக்கருக்கு.

கிணத்துக்கடவு ராசு:
பத்து டன்னை மூன்று ஏக்கருக்கா! எங்கள் பக்கம் தக்காளிக்கு ஒரு ஏக்கருக்கே ஒரு லோடு இறக்குகிறார்கள், அடுத்த பட்டத்துக்கு மறுபடியும் ஒன்று.

முதலமடை மாந்தோப்பு:
மாமரத்துக்கு இவ்வளவு எரு யாரும் வைப்பதில்லை. எங்கள் பிரச்சினை மருந்தடிப்பு. அதற்குத் தனி இழை போடுங்கள், அங்கே வந்து அழுகிறேன்.

கிணத்துக்கடவு ராசு:
சீமைத் தம்பிக்கு ஒரு கேள்வி. குளிர்காலத்தில் போடாதே என்பது அங்கே சரி, பயிர் தூங்கும். இங்கே மழைக்காலத்தில் போடாதே என்று எழுதினால் எப்படி? தென்னைக்கு ஜூன் ஜூலையில் பாதி, டிசம்பர் ஜனவரியில் பாதி என்று வேளாண் துறையே சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஈரம் இல்லாமல் உரம் வைத்தால் என்ன பிரயோசனம்?

சீமைப் பால்பண்ணை:
மாதத்தை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லைங்க அண்ணா. தேதியைவிடக் காரணம் முக்கியம்: வேர் எடுக்காத நேரத்தில், தண்ணீர் கீழே ஓடும் நேரத்தில் மண்ணில் கரையும் சத்து இருக்கக்கூடாது. அது நம்மூரில் எந்த வாரம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மண்வெட்டி:
எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் மேற்கே பெய்கிற மாதிரி தென்மேற்குப் பருவம் பெய்யாது. அங்கே ஜூனில் வட்டப்பாத்தியில் வைத்து மண் மூடினால் பெரிய நஷ்டம் இல்லை. கொட்டுகிற மழையில், அல்லது கோடை மழைக்கு முன்னால் குவியலாக இறக்கி மாதக்கணக்கில் விடுவதுதான் மோசம். என்னைக் கேட்டால் போடும் மாதத்தைவிடக் குவியல் பெரிய குற்றவாளி. நிலத்தில் பரப்பிய எருவைத் தேட ஆயிரம் வேர் உண்டு. குவியலுக்குக் கீழே ஒரு வேரும் இல்லை. லாரி திரும்ப வசதியாக இருக்கிறதென்று எல்லாத் தோட்டத்திலும் குவியல் மோட்டார் அறைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. மோட்டார் அறைக்குப் பக்கத்தில் என்ன இருக்கும்? கிணறு.

எருத்தேம்பதி தோப்பு:
எங்கள் குவியல் கிணற்று மேட்டிலிருந்து பத்தடி இருக்கும். 112 வந்தது கிணற்றில், 68 வந்தது போரில். இப்போது கணக்குப் புரிகிறது.

நாட்டுமாடு நண்பன்:
ஒரு விஷயத்தை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். கேரளத்தில் வீட்டுக்கு வீடு கிணறு, வீட்டுக்கு வீடு கழிவறைக் குழி. மனிதக் கழிவிலிருந்து நைட்ரேட் வராதா? செப்டிக் டேங்குக்குக் கட்டுப்பாடு வையுங்கள் முதலில்.

நீர்ச்சோதனை அக்கா:
வரும். நல்ல கேள்வி. குடிநீர்க் கிணற்றிலிருந்து ஏழரை மீட்டருக்குள் உறிஞ்சுகுழி கூடாது என்று கேரளக் கட்டட விதியில் இருக்கிறது. அந்தத் தூரம் கிருமிக்கு ஓரளவு உதவும். நைட்ரேட் வடிகட்டாமல் போய்க்கொண்டே இருக்கும்.

எது எங்கிருந்து வந்தது என்று நம்மால் முழுசாகப் பிரிக்க முடியாது. பெரிய ஆய்வகங்களில் நைட்ரஜனின் ஐசோடோப் பார்த்து ஊகிக்கிறார்கள், அங்கேகூட மனிதக் கழிவும் மாட்டுச் சாணமும் ஏறக்குறைய ஒரே மாதிரி காட்டும். கிராமத்தில் செய்யக்கூடியது: குடியிருப்புக் கிணறு, தோப்புக் கிணறு, எரு போடாத மேட்டுக்காட்டுக் கிணறு என மூன்று வகையிலும் மாதிரி எடுத்து, நைட்ரேட்டோடு குளோரைடும் கோலிஃபார்ம் கிருமியும் சேர்த்துப் பார்ப்பது. வீட்டுக் கிணற்றில் மூன்றும் ஏறி நின்றால் குழியைச் சந்தேகிக்கலாம். வீடே இல்லாத தோப்புக்குள் இருக்கும் கிணற்றில் நைட்ரேட் நிற்கிறது என்றால் குழியின் மேல் பழி போட வழியில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில் நாடு முழுக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு மாதிரி 45ஐத் தாண்டியிருந்தது. ராஜஸ்தான், கர்நாடகம், அப்புறம் தமிழ்நாடு முன்வரிசையில். சித்தூர் கேரளத்தில் இருந்தாலும் மண்ணும் பாறையும் மழையும் தமிழ்நாட்டுச் சாயல்தான்.

மூலத்தறை:
முன்பு வார்டு மெம்பராக இருந்தவன். பஞ்சாயத்துப் பக்கத்தைச் சொல்கிறேன்.

சித்தூர் ஒன்றியம் அளவுக்கு மீறித் தண்ணீர் உறிஞ்சும் பட்டியலில் இருந்த ஒன்றியம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவில் நமக்கு வரவேண்டியது வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. அது வரும் வருடம் ஒரு மாதிரி, தாமதமாகும் வருடம் ஒரு மாதிரி. வராதபோது எல்லாரும் போரை ஓட்டுகிறார்கள், நீர்மட்டம் இறங்குகிறது, இருக்கிற நைட்ரேட்டைக் கலக்கி ஆற்ற நல்ல தண்ணீர் இல்லை. எருவை மட்டும் பேசினால் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம், "உரம்" என்று சொல்லி எதையாவது தோட்டத்தில் கொட்டுவதை நம் ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. பிளாச்சிமடை கோலா ஆலையின் கழிவுச் சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003ல் சோதித்தபோது அதில் ஈயமும் காட்மியமும் இருந்தது. பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது அதே வருடம், 2004ல் ஆலை நின்றது. கோழி எருவை அதோடு சமமாக வைக்கவில்லை, கோழிக்கொட்டகைத் தம்பி கோபப்பட வேண்டாம். பஞ்சாயத்து மனது வைத்தால் என்ன முடியும், எதில் போய்க் கோர்ட்டில் மாட்டும் என்று இரண்டையும் அந்த வழக்கில் பார்த்தோம். எல்லையில் லாரியை நிறுத்தும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடையாது. தடைத் தீர்மானம் போட்டால் மறுவாரமே ரத்து.

கோழிக்கொட்டகை:
இறைச்சிக் கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும் வாளையார் தாண்டி எங்கள் பக்கம் வந்து இறங்குவதையும் ஒரு வரி எழுதுங்கள் ஐயா. 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் கொட்டிய மருத்துவக் கழிவைக் கேரளம் திரும்ப அள்ள வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதே.

மூலத்தறை:
எழுதியாயிற்று, நீங்களே எழுதிவிட்டீர்கள். அது அநியாயம், மறுக்கவில்லை.

கோழிக்கொட்டகை:
சரி, சண்டைக்காகப் பேசவில்லை. ஒன்று யோசித்துப் பாருங்கள். இந்தத் தழைச்சத்து எங்கிருந்து வந்தது? என் கொட்டகையில் முளைக்கவில்லை. தீவன மூட்டையில் வந்தது. சோயா மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது, மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்து. கறி கோவைக்கும் கொச்சிக்கும் போய்விடுகிறது. மிச்சம் எங்கள் ஊரிலும் உங்கள் ஊரிலும் தங்குகிறது. அந்தக் காலத்து மாடு நம் காட்டுச் சோளத்தட்டைத் தின்று நம் காட்டிலேயே சாணி போட்டது. இப்போது வருடம் முழுக்க வெளியூர்ச் சத்து வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. இதற்குப் பொறுப்பு, தீவனத்தைக் கொண்டுவந்து இறக்குபவனுக்கும் வேண்டுமா, கூலிக்கு வளர்க்கும் எனக்கு மட்டுமா? சிமெண்ட் தளம் போட்டுக் கூரை வைத்து மூன்று மாதக் குப்பையைச் சேர்த்துவைக்கச் சொன்னால் செய்கிறேன். செலவைக் கம்பெனி பாதி ஏற்கட்டும்.

மண்வெட்டி:
இந்த இழையில் இதுவரை வந்ததில் உருப்படியான வரி இது. ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சு கம்பெனியுடையது, சாணம் மட்டும் விவசாயியுடையது என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. கட்டுப்பாடு எழுதுகிறவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் எழுதினால் அபராதம் எல்லாம் இருப்பதிலேயே சின்ன ஆளிடம் போய் நிற்கும்.

சீமைப் பால்பண்ணை:
ஐரோப்பாவிலும் அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். நெதர்லாந்துக்கு 170க்குப் பதில் 250 வரை போக விலக்கு கொடுத்திருந்தார்கள், மாடு அவ்வளவு. அதைப் படிப்படியாகக் குறைத்து 2026ல் முடிக்கச் சொன்னதும் அங்கே விவசாயிக்குச் சாணத்தை அப்புறப்படுத்தும் செலவு பெரிய பாரமாகிவிட்டது. அதற்கு முன்பே, 2019லும் 2022லும் நைட்ரஜன் வெளியீட்டைக் குறைக்கும் திட்டங்களுக்கு எதிராக டிராக்டரை நெடுஞ்சாலையில் ஏற்றினார்கள். ஜெர்மனியை 2018ல் ஐரோப்பிய நீதிமன்றமே நைட்ரேட் உத்தரவை மீறியதாகச் சொன்னது; பிறகு உர விதியை இறுக்கினார்கள், அங்கேயும் தெருவில் டிராக்டர்.

நன்றாக நடந்த இடமும் உண்டு. டென்மார்க் 1987லேயே ஆரம்பித்து, ஒவ்வொரு பண்ணைக்கும் தழைச்சத்துக் கணக்கு, எருவில் உள்ள சத்தைக் கழித்துத்தான் உரம் என்று கட்டாயமாக்கியது. வயலிலிருந்து கசிவது ஏறக்குறைய பாதியானது. ஆனால் வருடங்கள் பிடித்தது. கீழே இறங்கியது மேலே வந்து போக ஒரு தலைமுறை ஆகும் இடமும் உண்டு. நாளைக்கே 45க்கு வந்துவிடும் என்று கிராம சபையில் யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கிணத்துக்கடவு ராசு:
அங்கே பண்ணைக்கு ஒரு நோட்டு எழுதலாம், ஒருத்தன் இருநூறு ஏக்கர் வைத்திருப்பான். இங்கே ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். நோட்டை யார் பார்ப்பது? கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலகத்தில் இருக்கும் அதிகாரி ஒருத்தர், அவருக்கு ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது. கட்டுப்பாடு என்று வந்தாலே எங்கள் பக்கம் முதலில் வருவது ரசீது இல்லாத வசூல்தான்.

மூலத்தறை:
அதனால்தான் விவசாயியிடம் நோட்டு கேட்க வேண்டாம் என்கிறேன். லாரி குறைவு, விவசாயி அதிகம். லோடு இறக்குபவர் யாருக்கு, எத்தனை டன், எந்த சர்வே எண் என்று ஒரு சீட்டு கொடுத்தால் போதும். நகல் ஒன்று பஞ்சாயத்துக்கு. மணலுக்குச் சீட்டு கேட்கிறோம், எருவுக்குக் கேட்க முடியாதா?

நாட்டுமாடு நண்பன்:
மணல் சீட்டு எப்படி வேலை செய்தது என்று எல்லாருக்கும் தெரியும் 😄

எருத்தேம்பதி தோப்பு:
படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிராம சபையில் நானும் பேசப் போகிறேன், அதனால் நடைமுறைக்கு வருகிறேன். தடை வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். குவியல் கிணற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி, இறக்கியதும் தார்ப்பாய், மழைக்கு முன் பரப்பி மண் மூடுதல், லோடுக்குச் சீட்டு. இவ்வளவையும் கேட்டால் ஏற்பார்களா?

இன்னொரு கேள்வி மண்வெட்டி ஐயாவுக்கு. 112 உள்ள இந்தத் தண்ணீரைத்தான் சொட்டுநீரில் தென்னைக்கு விடுகிறேன். மரத்துக்குக் கெடுதலா?

மண்வெட்டி:
அரை ஏக்கர்க்காரனுக்கு 50 மீட்டர் கிடைக்காது. "இயன்றவரை தொலைவில், கிணற்றுக்குத் தாழ்வான பக்கத்தில், தார்ப்பாய் கட்டாயம்" என்று எழுதுங்கள். பெரிய தோட்டத்துக்கு மட்டும் 50ஐ வையுங்கள். இல்லையென்றால் மீற முடியாமல் மீறுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

தண்ணீர் மரத்துக்குக் கெடுதல் இல்லை, உரம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர், 70 மரம், வருடத்தில் 200 நாள் விடுகிறீர்கள் என்று வையுங்கள். 11 லட்சம் லிட்டர் சொச்சம். லிட்டருக்கு 112 மில்லிகிராம் என்றால் 125 கிலோ நைட்ரேட், அதில் தழைச்சத்து 28 கிலோ. யூரியாவாகச் சொன்னால் ஏக்கருக்கு 60 கிலோ, ஒரு மூட்டைக்கு மேல். நீங்கள் காசு கொடுத்துப் போட்டது கீழே போய், மின்சாரச் செலவில் மேலே வருகிறது. இந்த வருடம் கோழி எருவை மரத்துக்கு 15 கிலோவாகக் குறையுங்கள், அதிலேயே சாணி எரு 50 கிலோவின் சத்துக்கு மேல் இருக்கிறது. யூரியாவைப் பாதியாக்குங்கள். பொட்டாஷை மட்டும் குறைக்காதீர்கள், குரும்பை உதிரும். மண் சோதனையும் ஓலைச் சோதனையும் எடுத்துவிட்டு அடுத்த வருடம் மிச்ச யூரியாவைப் பற்றிப் பேசலாம்.

கிணத்துக்கடவு ராசு:
காய் குறைந்தால் உங்கள் வீட்டு முன்னால் வந்து உட்காருவார் ஐயா.

மண்வெட்டி:
வரட்டும், மோர் கொடுக்கிறேன். நான்கு மரத்தில் மட்டும் பழைய அளவையே போட்டுவைக்கச் சொல்லுங்கள், ஒப்பிட்டுக்கொள்ளலாம். தென்னையில் இன்று குறைத்ததன் பலன் காயில் தெரிய இரண்டு வருடம் ஆகும், அதற்குள் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கோழிக்கொட்டகை:
மரத்துக்கு 15 கிலோ என்றால் என் லோடுக்குப் பாதி வியாபாரம் போச்சு. ஆனால் ஒன்று, லாரிக்காரரிடம் பேசினால் அரை லோடாகப் பிரித்து இரண்டு தோப்பில் இறக்கலாம். தென்னைநார்க் கழிவோடு மக்கவைத்து மூட்டையாகக் கொடுத்தால் கிலோவுக்கு விலையும் கூடும், நாற்றமும் இருக்காது. மக்கும்போது கொஞ்சம் தழைச்சத்து அம்மோனியாவாகப் போய்விடும், அது எனக்கு நஷ்டமா லாபமா தெரியவில்லை. எங்கள் பக்கம் ஐந்தாறு கொட்டகைக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். உங்கள் பஞ்சாயத்து தீர்மானத்தில் "மக்கிய எருவுக்குச் சீட்டு தேவையில்லை" என்று ஒரு வரி போட்டால் அவர்களை இழுப்பது சுலபம்.

மூலத்தறை:
"சீட்டு தேவையில்லை" முடியாது, எல்லாரும் மக்கியது என்று சொல்லிவிடுவார்கள். "மக்கிய எருவுக்குக் குவியல் தூரக் கட்டுப்பாடு தளர்வு" என்று எழுதலாம். வரைவை நான் எழுதித் தருகிறேன். தீர்மானத்துக்கு முன்னால் எண்கள் வேண்டும். ஒரு தோப்பின் காகிதத்தை வைத்துக்கொண்டு போனால் "உன் கிணறு கெட்டால் நீ பார்த்துக்கொள்" என்பார்கள்.

நீர்ச்சோதனை அக்கா:
எண்களுக்கு நான் பொறுப்பு. வார்டுக்கு ஐந்து கிணறு போதும்: இரண்டு வீடு, இரண்டு தோப்பு, ஒன்று எரு படாத இடம். புதிய பாட்டிலை அதே தண்ணீரால் இருமுறை அலசிவிட்டு விளிம்புவரை நிரப்புங்கள். போர் என்றால் மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு பிடியுங்கள். பாட்டில் மேல் ஆழம், பக்கத்துக் குவியல் எத்தனை அடி, கழிவறைக் குழி எத்தனை அடி என்று எழுதுங்கள், பெயர் வேண்டாம், சர்வே எண் போதும். ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கிருமிச் சோதனைக்கு வேறு பாட்டில், அதை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். மழைக்கு முன் ஒரு தடவை, மழை நின்று ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. முதல் தடவை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் வெடிப்பில் இறங்கியது எவ்வளவு என்று தெரியாமலே போய்விடும்.

எருத்தேம்பதி தோப்பு:
பாட்டில் வாங்கிவிடுகிறேன். எங்கள் வார்டில் நாலு கிணறு என் பொறுப்பு. எரு படாத கிணறு ஒன்று வடகரப்பதிப் பக்கம் யாராவது காட்டிக்கொடுங்கள், எனக்குத் தெரிந்து இங்கே ஒன்றும் இல்லை.